பழைய வெர்ஷன் அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகட்டுமே?

கேள்வி: கோபி பக்கத்திலிருந்து ஒரு வாசகர், 10 அக்டோபர் 2025

வீட்டுல இருக்கறது 2016ல வாங்கின டெஸ்க்டாப்புங்க. விண்டோஸ் 10. அப்டேட்டுனு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் சுத்திக்கிட்டே நிக்குது, பையன் கிளாஸ்ல உக்கார முடியல. அதனால மூணு வருசமா நிறுத்தி வெச்சுட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் ஆகலைங்க. இப்ப மெஷின்ல இருக்கற சாஃப்ட்வேர் லிஸ்ட்டைத் தெறந்து பாத்தா ஜாவா மூணு, ஃப்ளாஷ் ஒண்ணு, எப்பவோ பழைய இரும்புக்குப் போட்ட பிரிண்டரோட சாஃப்ட்வேர், இப்படிக் கெடக்குது. எடத்தையும் பெருசா அடைக்கல. அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே? எடுக்கப் போனாத்தான் எதாச்சும் கெட்டுப்போகும்னு தோணுது.

பதில்: 10 அக்டோபர், இரவு

"ஒண்ணும் ஆகலை" என்பதை ஆதாரமா எடுத்துக்காதீங்கண்ணா. 2017ல வானாக்ரைன்னு, கம்ப்யூட்டரைப் பூட்டிக் காசு கேக்கிற வைரஸ் வந்தப்ப 150 நாடுகள்ல ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கிச்சு. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வந்துடுச்சு. தாக்குதல் மே 12. நடுவுல 59 நாள். அந்த 59 நாளும் அத்தனை பேரும் "நமக்கு ஒண்ணும் ஆகலை"ன்னுதான் இருந்தாங்க. யாரும் எதையும் கிளிக் பண்ணக்கூட வேண்டியிருக்கலை. ஒரு மெஷின்ல இறங்கினா அதே நெட்வொர்க்ல இருக்கிற அடுத்ததுக்குத் தானா தாவிச்சு.

அப்டேட்டோட ஒரு குணம் இருக்கு. அது வெளியான அன்னிக்கே, எங்க ஓட்டை இருந்ததுன்னு உலகத்துக்கே தெரிஞ்சுடுது. புதுசையும் பழசையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எந்த இடம் மாறியிருக்குன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அதனால அப்டேட் வந்த மறுநாள்ல இருந்து, போடாத மெஷினுக்கு முந்தைய நாளை விட ஆபத்து அதிகம். மூணு வருசம் நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னா மூணு வருசத்து ஓட்டைகளோட விலாசமும் ஊருக்குத் தெரியும்.

11 அக்டோபர்

கேட்டது பழசை எடுக்கறதைப் பத்தி. நேத்து அதுக்குப் பதில் சொல்லாமலே விட்டுட்டேன்.

புதுசு போட்டா பழசு போயிடும்னு நாம நெனைக்கிறோம். பல சாஃப்ட்வேர்ல அது நடக்கறதில்லை. ஜாவாவையே எடுத்துக்குங்க, வேற சில சாஃப்ட்வேர் ஓடறதுக்கு அடியில வேணும்கிறது அது. 2008 வரைக்கும் ஒவ்வொரு அப்டேட்டும் தனித்தனி ஃபோல்டர்ல போய் உக்காந்துச்சு. அப்புறம் ஒரே வரிசைக்குள்ள மேல மேல எழுதிக்கிற மாதிரி மாத்தினாங்க. ஆனா 6, 7, 8 மூணும் வேற வேற வரிசை, ஒண்ணை ஒண்ணு தொடாது. உங்க மூணு ஜாவாவும் இப்படி வந்ததாத்தான் இருக்கும். புது வீடு கட்டிக் குடி போயிட்டோம், பழைய சாளை தோட்டத்துல பூட்டாமக் கெடக்குதுன்னா எப்படியோ அப்படி.

எங்க மாமனார் மெஷின் சென்னிமலையில இருக்கு. போன வருசம் அதை முழுசா ஒழிச்சேன். அன்னிக்கு எழுதி வெச்ச பட்டியலைப் பாத்துச் சொல்றேன்: ஜாவா ரெண்டு. ஃப்ளாஷ். குயிக்டைம். சில்வர்லைட் (இந்த மூணும் வீடியோ, அனிமேஷன் ஓட்டறதுக்கு). பிடிஎஃப் ரீடர் ரெண்டு கம்பெனியுது. ஃபைலைச் சுருக்கி விரிக்கிற வின்ரார், ரொம்பப் பழசு. டிரைவர் அப்டேட் பண்ணித் தர்றேன்னு சொல்ற ஏதோ ஒண்ணு. இல்லாத மோடத்துக்கு ஒண்ணு. ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31ஓட முடிவு கட்டிட்டாங்க. குயிக்டைமை விண்டோஸ்ல இருந்து எடுத்துடுங்கன்னு 2016 ஏப்ரல்லயே அமெரிக்க அரசோட கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவு அறிவிச்சுது. சில்வர்லைட் 2021 அக்டோபர்ல முடிஞ்சுது. இந்த மூணுக்கும் இனி அப்டேட்டே கிடையாது, அதனால "புதுசாக்கறது" என்கிற பேச்சுக்கே இடமில்லை. எடுக்க வேண்டியதுதான்.

இதோட ஒண்ணு. "உங்க ஃப்ளாஷ் பிளேயர் பழசாயிடுச்சு, இங்க அமுக்குங்க"ன்னு எந்தப் பக்கத்துலயாவது வந்தா அது பொய். பையனுக்கும் சொல்லி வைங்க.

11 அக்டோபர், அரை மணி கழிச்சு

வின்ராரைத் தனியா எழுதணும், ஏன்னா நம்ம பக்கம் அது இல்லாத மெஷினே கிடையாது. அது தானா அப்டேட் ஆகாது. கடைக்காரர் போட்டுக் கொடுத்த அன்னிக்கு இருந்த வெர்ஷன்தான் மெஷின் சாகிற வரைக்கும் இருக்கும். 2019 பிப்ரவரியில, 19 வருசமா அதுக்குள்ள இருந்த ஒரு ஓட்டையை வெளியிட்டாங்க, 5.70ல சரி பண்ணினாங்க. 2023ல இன்னொண்ணு, 6.23ல சரியாச்சு. இந்த வருசம் ஜூலை கடைசியில வந்த 7.13 இன்னொண்ணை அடைச்சுது. இந்தக் கடைசி ஓட்டையில, நீங்க ஒரு ரார் ஃபைலை விரிச்சா அதுக்குள்ள இருக்கிறது நீங்க சொன்ன ஃபோல்டருக்குப் போகாம விண்டோஸ் ஆரம்பிக்கறப்ப ஓடுற இடத்துல போய் உக்காந்துக்கும். திருடங்க அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கிட்டு இருந்தப்பத்தான் கண்டுபிடிச்சாங்க.

வின்ராரைத் திறந்து ஹெல்ப், அபவுட் போய் நம்பரைப் பாருங்க. 7.13க்குக் கீழே இருந்தா இன்னிக்கே மாத்துங்க. வெறும் ஜிப் ஃபைல்தான் விரிக்கிறீங்கன்னா எடுத்தே விடுங்க, விண்டோஸே ஜிப்பைத் திறக்கும்.

12 அக்டோபர்

லிஸ்ட்டுல "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++" 2005, 2008, 2010, 2013னு வரிசையா ஏழெட்டு இருக்குதே, அதையும் எடுத்துடலாமான்னு பல்லடத்து அண்ணன் கேட்டிருக்காரு. தொடாதீங்க. பாத்தா பழைய வெர்ஷன் குவிஞ்சு கெடக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா ஒவ்வொரு வருசத்துதும் வேற வேற சாஃப்ட்வேருக்குத் தேவைப்படுது. 2010ஐ எடுத்துட்டா 2013 அந்த வேலையைச் செய்யாது. அது ஏதாவது சாஃப்ட்வேர் தன்கூடக் கூட்டிக்கிட்டு வந்த உறவு. எதுக்கு எது வேணும்னு உறுதியாத் தெரியாம கை வைக்க வேண்டாம்.

13 அக்டோபர்

முந்தாநாள் எழுதினதைத் திருத்தணும். ஜாவாவைப் பத்தி எழுதினதைப் படிச்சா மூணையும் உடனே எடுத்துடுங்கன்னு அர்த்தமாகுது. கரூர்ல இருந்து டிடிஎஸ் (பணம் கொடுக்கறப்பவே பிடிக்கிற வருமான வரி) வேலை பாக்கிற ஒருத்தர் "இந்த மாசத்துலயா?"ன்னு ஒரே ஒரு வரி கேட்டாரு. அவர் கேட்டது முழுக்கச் சரி. டிடிஎஸ் ரிட்டர்ன் தயாரிக்கிற ஆர்பியு ஜாவாவுலதான் ஓடுது. ஜூலை முதல் செப்டம்பர் வரைக்குமான காலாண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. நானும் பெருந்துறையில வீட்டுல இருந்தே நாலஞ்சு தறிக்காரங்களுக்கும் ஒரு சைசிங் மில்லுக்கும் கணக்கு எழுதறவ. அக்டோபர்ல ஜாவா மேல நானே கை வைக்க மாட்டேன்.

அதனால: வீட்டுல யாராவது டிடிஎஸ் ரிட்டர்ன் போடறாங்கன்னா 31 தாண்டட்டும். ரிட்டர்ன் ஏத்தி, ரசீது நம்பர் வந்து, அதுக்கப்புறம் எடுங்க. யாரும் போடலைன்னா இன்னிக்கே எடுக்கலாம்.

14 அக்டோபர், செவ்வாய்

விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் இன்னியோட கடைசி. 2015 ஜூலையில வந்தது, பத்து வருசம் ஓடிச்சு. மாசத்துல ரெண்டாவது செவ்வாய் அப்டேட் விடறது 2003 அக்டோபர்ல இருந்து வழக்கம். நம்ம நேரத்துக்கு ராத்திரி 10.30, குளிர்காலத்துல 11.30. இன்னிக்கு ராத்திரி வர்றதைக் கண்டிப்பாப் போட்டுடுங்க.

கோபி அண்ணா, 2016 மெஷின்னா பெரும்பாலும் இன்டெல் ஆறாம் தலைமுறைப் பிராசசரா இருக்கும். விண்டோஸ் 11 பொதுவா எட்டாம் தலைமுறைக்கு மேலதான் ஏத்துக்கும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சிப்பும் கேக்கும். அதுக்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருசம், 2026 அக்டோபர் 13 வரைக்கும், பாதுகாப்பு அப்டேட் மட்டும் தர்றாங்க. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல "என்ரோல் நௌ"ன்னு வரும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சு, செட்டிங்ஸைப் பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசு கிடையாது. ஆனா மெஷின் 22எச்2ங்கிற விண்டோஸ் 10ஓட கடைசி வெர்ஷன்ல இருந்தாத்தான் அந்த வரியே கண்ணுல படும். மூணு வருசமா நிறுத்தி வெச்ச மெஷின்ல அது இருக்காதுன்னு நெனைக்கிறேன். முதல்ல அதை ஏத்துங்க. ஒரு ராத்திரி முழுக்க ஆகும், பையன் தூங்கினதுக்கப்புறம் ஆரம்பிங்க.

16 அக்டோபர்

"அப்டேட்டே ஃபைலை அழிச்சிருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி. 2018 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலரோட டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரையே அழிச்சுது. சில நாள்லயே நிறுத்தி, நவம்பர்ல திருத்தி விட்டாங்க. 2017ல மெஷினைச் சுத்தம் பண்ற சிகிளீனரோட ஒரு வெர்ஷன், கம்பெனியே விட்டது, உள்ளயே வைரஸோட வந்துச்சு. இதெல்லாம் நடந்தது. நடக்கலைன்னு நான் சொல்லப்போறதில்லை.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ரெண்டு. மாசாமாசம் வர்ற பாதுகாப்பு அப்டேட்டை அந்த வாரத்துக்குள்ளயே போட்டுடறேன். வருசத்துக்கு ஒரு தடவை வர்ற பெரிய வெர்ஷன் மாத்தத்துக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு மாசம் பொறுத்திருக்கேன். ரெண்டுக்கும் முன்னாடி கணக்கு ஃபோல்டர் வெளி ஹார்ட் டிஸ்க்குல ஏறிடும், ஏறினதும் டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வெச்சுடுவேன். கழட்டாம விட்டா, மெஷினைப் பூட்டற வைரஸ் அதையும் சேத்துப் பூட்டிடும்.

18 அக்டோபர்

தீவாளி நோம்பிக்கு ஒறம்பரை வருது. ஒரு வாரம் எழுத முடியாது. சொந்தக்காரப் பசங்க வந்து "உங்க கம்ப்யூட்டரை ஸ்பீடு பண்றேன் அத்தை"ன்னு உக்காந்தாங்கன்னா கூடவே உக்காந்து என்ன இறக்குறாங்கன்னு பாருங்க.

26 அக்டோபர்

இந்த வாரம் நடந்ததைச் சொல்லியாகணும். பழசை எடுங்க எடுங்கன்னு எழுதினவளே நான்.

எங்க குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிங்க பட்டியல் ஒண்ணு உண்டு. எந்த ஊர், எத்தனை வரி, குடும்பத் தலைவர் பேர், எல்லாம். 2004ல மாமனார் ஊர் ஊராப் போய் எழுதி வாங்கினது. முன்னூறுக்கும் மேல குடும்பம். பேஜ்மேக்கர்ல ஒரு டிடிபி கடையில அடிச்சுப் புஸ்தகமாப் போட்டாங்க. அதோட ஒரு நகல் வேர்டு ஃபைலா மாமனார் மெஷின்ல இருந்துச்சு. எழுத்து பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்.

போன வருசம் நான் ஒழிச்சப்ப பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஒண்ணையும் எடுத்துட்டேன். இப்பத்தான் யுனிகோட் இருக்கே, இது எதுக்குன்னு. அது போறப்ப தான் கொண்டுவந்த ஃபாண்டுகளையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அது எனக்குத் தெரியாது. நோம்பிக்கு வந்த பெரிய மாமா தை மாசத்துக்குள்ள பட்டியலைப் புதுசாப் போடணும்னாரு. ஃபைலைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவும். மாமனார் பின்னாடியே நின்னு பாத்துட்டு ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஈங்கூருப் பெரியப்பன் பேரு இதுல எங்கம்மிணி இருக்குது?"ன்னு மட்டும் கேட்டாரு. பட்டியல் எழுதின அன்னிக்கு இருந்த பெரியவங்கள்ல பாதிப் பேர் இன்னிக்கு இல்லை.

ஃபைல் அழியலை. பாமினியில ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு ஆங்கில எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கு. ஃபாண்ட் போயிட்டா அடியில இருக்கிற ஆங்கில எழுத்து வெளிய தெரியும், அவ்வளவுதான். இதை அவருக்குப் புரிய வெச்சு, அட்டாலியில பழைய சிடியைத் தேடி எடுத்து, பாமினியை மறுபடி போட்டதும் பட்டியல் திரும்ப வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அவர் முகத்தைப் பாத்தப்புறம்தான் எனக்குச் சாப்பாடு எறங்கிச்சு.

அதனால 11ஆம் தேதி எழுதினதோட இதைச் சேத்துக்குங்க: எந்த சாஃப்ட்வேரையும் எடுக்கறதுக்கு முன்னாடி, அதாலதான் திறக்க முடியும்கிற ஃபைல் ஏதாவது வீட்டுல இருக்கான்னு கேளுங்க. மெஷினைக் கேட்டா பத்தாது, பெரியவங்களைக் கேளுங்க. ஃபாண்டை சாஃப்ட்வேர் மாதிரி நெனைக்காதீங்க. அந்த ஃபைலை மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கலாம்.

27 அக்டோபர்

பட்டியலை யுனிகோடுக்கு மாத்தினேன், இனிமே எந்த ஃபாண்டையும் நம்பி இருக்க வேண்டாம்னு. மாத்தி முடிச்சுட்டு "கரூர்"னு தேடினா ஒண்ணுகூட வரலை. கண்ணுக்கு முன்னாடி எழுபது கரூர் இருக்கு.

காரணம் இதுதான். அந்தக் காலத்துல டிடிபி அடிச்சவங்க "ர்"க்குப் பதிலா துணைக்காலைப் போட்டு மேல புள்ளி வெச்சிருக்காங்க. காகிதத்துல ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். யுனிகோடுல அது வேற எழுத்து. ஈங்கூர், திருப்பூர், கரூர்னு நம்ம ஊர்ல பாதி "ர்"லதான் முடியுது. "ரி"க்கும் இதே கதை, சிவகிரி அத்தனையும் துணைக்கால்ல இருந்துச்சு. ஃபைண்ட் ரீப்ளேஸ்ல புள்ளி வெச்ச துணைக்காலை "ர்"ஆகவும், சுழி போட்ட துணைக்காலை "ரி"யாகவும் மாத்தினேன். அப்புறம் மாமனாரும் நானும் ரெண்டு பொழுதோட உக்காந்து ஒவ்வொரு பேரா வாசிச்சுச் சரிபாத்தோம். பழைய கோயில் கணக்கோ, சங்கத்துப் பட்டியலோ மாத்தப்போறவங்க முதல்ல இந்த ரெண்டையும் தேடிப் பாருங்க.

1 நவம்பர்

ரிட்டர்ன் ஏத்தியாச்சு. ஜாவா 6ஐயும் 7ஐயும் என் மெஷின்ல இருந்து எடுத்துட்டேன். 8ஐ அப்டேட் பண்ணி, ஆர்பியு திறக்குதான்னு பாத்தேன். திறக்குது.

இங்க ஒரு மறுயோசனை. ஜாவாவை நான் கொஞ்சம் அதிகமாவே பயமுறுத்திட்டேனோன்னு தோணுது. அது ரொம்ப ஆபத்தா இருந்தது 2012, 2013 சமயம், பிரவுசருக்குள்ளயே ஓடினப்ப. ஒரு வெப் பக்கத்தைத் திறந்தாலே போதும்கிற நிலைமை. குரோம் 2015லயும் ஃபயர்பாக்ஸ் 2017லயும் அந்த வழியை அடைச்சுட்டாங்க. இன்னிக்குப் பழைய ஜாவா சும்மா கெடக்கிறதை விட, பழைய பிரவுசரும் பழைய ஆஃபீஸும் பழைய வின்ராரும்தான் வெளியில இருந்து வர்றதை நேரா வாங்கற வாசல். முதல்ல அதைப் பாருங்க, ஜாவா அடுத்தது.

ஆஃபீஸ் 2007 இன்னும் எத்தனை வீட்டுல ஓடுதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு அப்டேட் 2017 அக்டோபரோட முடிஞ்சுது. அதுக்குள்ள இருந்த ஈக்குவேஷன் எடிட்டர், கணக்குச் சமன்பாடு எழுதற துண்டு, 2000ல செஞ்சது. 17 வருசம் கழிச்சு அதுல ஓட்டை கண்டுபிடிச்சாங்க. 2018 ஜனவரியில அதைச் சரி பண்றதையே விட்டுட்டு, தன் ஆஃபீஸ்ல இருந்து மைக்ரோசாஃப்ட்டே அதை எடுத்துடுச்சு. ஆஃபீஸை விக்கறவங்களே எடுத்ததை நாம வெச்சிருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்துப் புதுசு வாங்க முடியலைன்னா லிப்ரே ஆஃபீஸ் இருக்கு.

2 நவம்பர்

"விண்டோஸ்.ஓல்டு" ஃபோல்டரைக் கையால அழிக்காதீங்க. பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் பத்து நாள் திரும்பிப் போறதுக்காக வெச்சிருக்கும், அப்புறம் தானா எடுத்துடும்.

8 நவம்பர்

கரண்ட் விஷயம். பாதி அப்டேட்ல கரண்ட் போய் மெஷின் எந்திரிக்கவே இல்லைன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. அப்டேட்டை நிறுத்தறதுக்கு நம்ம ஊர்ல இதுவே முக்கியமான காரணம்னு இப்பப் புரியுது. 2012ல ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தப்ப நானும் மாசக்கணக்கா அப்டேட்டே போடலை. அந்தப் பழக்கம் கரண்ட் ஒழுங்காய் வந்தப்புறமும் போகலை. பல வீட்டுல அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

நான் செய்யறது: மாசாந்திர மின்நிறுத்தம் எந்த நாள்னு பேப்பர்ல பாத்துட்டு, அதுக்கு மறுநாள் அப்டேட் போடறேன். லேப்டாப்னா சார்ஜ் முழுக்க ஏத்திட்டு, பின்னையும் பிளக்கை எடுக்காம. டெஸ்க்டாப்னா யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிசம் தாங்குதுன்னு முதல்ல பாத்துக்குங்க. ரெண்டு மூணு வருசமான பேட்டரி அஞ்சு நிமிசம்கூட நிக்காது.

9 நவம்பர்

சோமனூர்க்காரர் கேட்டது: தறிக்குடோன்ல ஜக்கார்டு டிசைன் போடற மெஷின் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. அந்த சாஃப்ட்வேர் வேற எதுலயும் ஓடாது, செஞ்ச கம்பெனியும் இப்ப இல்லை. எக்ஸ்பிக்கு அப்டேட் 2014 ஏப்ரல் 8ஓட முடிஞ்சுது. அதை எடுத்தா அவர் பொழப்பு நின்னுபோகும், எடுக்கச் சொல்ல மாட்டேன். நெட் வயரைக் கழட்டிடுங்க, வைஃபை இருந்தா அதையும். டிசைன் கொண்டு போற பென் டிரைவை அந்த வேலைக்கு மட்டும் வைங்க, போட்டோ கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் கொண்டு போகாதீங்க. ஹார்ட் டிஸ்க்கை முழுசா ஒரு நகல் எடுத்து வெச்சுக்குங்க, ஏன்னா அந்த டிஸ்க்குக்கும் வயசாயிடுச்சு.

22 நவம்பர்

ஒவ்வொண்ணாத் திறந்து பாக்கச் சோம்பலா இருக்கிறவங்களுக்கு: விண்டோஸ் 10லயும் 11லயும் விங்கெட்னு ஒரு கட்டளை இருக்கு. கமாண்ட் பிராம்ப்ட்ல விங்கெட், இடம் விட்டு அப்கிரேட்னு ஆங்கிலத்துல அடிச்சா எதெதுக்குப் புதுசு வந்திருக்குன்னு பட்டியல் போடும். முன்னாடி செக்யூனியா பிஎஸ்ஐன்னு ஒண்ணு இருந்துச்சு, வீட்டு மெஷினை அலசிப் பழசா இருக்கறதை எல்லாம் சொல்லும். எனக்கு ரொம்பப் பிடிச்ச சாஃப்ட்வேர். 2018ல நிறுத்திட்டாங்க. விங்கெட் அந்த அளவுக்கு விவரம் சொல்றதில்லை, பழசு ஏதாவது தனியா ஒட்டிக்கிட்டு நிக்குதான்னு லிஸ்ட்டைத் திறந்து கண்ணாலதான் பாக்கணும். ஜாவாவை நான் அப்படித்தான் பிடிச்சேன்.

9 டிசம்பர், செவ்வாய்

கோபி அண்ணன் எழுதியிருக்காரு. 22எச்2 ஏத்திட்டாராம், ரெண்டு ராத்திரி ஆச்சாம், அந்த ஒரு வருச அப்டேட்டுக்கும் பதிஞ்சாச்சாம். லிஸ்ட்டு 58ல இருந்து 33 ஆயிருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுல அம்மாவைக் கேட்டிருக்காரு; அவங்க ஜாதகக் கட்டம் போடற ஒரு பழைய சாஃப்ட்வேரை மட்டும் விடச் சொல்லியிருக்காங்க. சரிதான். ஆனா அது நெட்டைக் கேட்டா ஃபயர்வால்ல மறுத்துடுங்க.

பேர் தெரியாத ஒண்ணு பாக்கி நிக்குதுன்னு கேட்டீங்களே, நீங்க எழுதின பேரைப் பாத்தா அது ஸ்கேனரோட டிரைவர். ஸ்கேனர் இன்னும் மேசை மேல இருந்தா விட்டுடுங்க.

இன்னிக்கு ராத்திரி 11.30க்கு இந்த மாசத்து அப்டேட். எங்க பக்கம் நாளைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மின்நிறுத்தம். நான் வியாழக்கிழமை போடறேன்.